சக்கர நாற்காலியில் ஒரு ஜனாதிபதி

ஆண்டு விழா மலரில் பெரியோர் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது சங்கங்களின் நல்வழக்கம். புலவர்கள், தேசபக்தர்கள், சமயச் சான்றோர்கள் ஆகியோரைப் பற்றி நம் அன்பர்கள் பலர் எழுதக் கேட்டிருக்கிறோம். இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பவர் தமிழரும் அல்லர். பாரத நாட்டினரும் அல்லர். 1933 முதல் 1945 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதியாக வீற்றிருந்த பிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட் என்பாரே அவர். இரண்டாம் உலகப் போரின் தலைவர்களுள் ஒருவராக அவர் பெயரைப் பள்ளிப் பாடத்தில் படிக்காதார் நம்மில் இலர்.

போரைப் பற்றியோ அரசியலைப் பற்றியோ ஈண்டு எழுதப் புகுந்தோமில்லை. முப்பத்தொன்பதாம் வயதில் இரு கால்களின் வலிமையையும் இழந்த ஒருவர் அத்துணைப் பெரும் பொறுப்பை எவ்வாறு தாங்கினார்? அவர் பணிபுரிவதற்கு ஏற்ப அவருடைய பணியிடம் எவ்வாறு மாற்றியமைக்கப்பெற்றது? அவருக்குக் கிட்டிய அவ்வசதி அவரைப் போன்ற ஏனையோர்க்கும் கிட்டியதா? இம்மூன்றுமே நாம் காண விழைவன. மாதச் சம்பளத்தை நம்பி, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்கள் மிகுந்த நம் குடியிருப்பில், இது அயல்நாட்டுக் கதையாக மட்டும் நின்றுவிடாது என்பது நம் துணிபு.

இளமையும் உயர்வும்

ரூஸ்வெல்ட் 1882-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள ஹைட் பார்க் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ், தாய் சாரா. செல்வம் கொழித்த குடும்பம். தாய்க்கு அவர் ஒரே மகன். ஹார்வர்டு பல்கலைக் கழகத்திலும், பின்னர்க் கொலம்பியா பல்கலைக் கழகத்தின் சட்டப் பள்ளியிலும் அவர் பயின்றார். 1905-இல் எலினார் என்னும் நங்கையை மணந்தார். அப்போது ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டின் தம்பி மகள் இவ்வம்மையார்.

1910-இல் நியூயார்க் மாநிலச் சட்டசபையின் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1913 முதல் ஏழு ஆண்டுகள் கடற்படைத் துறையில் துணைச் செயலாளராக விளங்கினார். 1920-இல் உப ஜனாதிபதிப் பதவிக்கு நின்று தோல்வியுற்றார். ஆறடிக்கு மேற்பட்ட உயரம். நீச்சல், படகோட்டல், கோல்ப் ஆட்டம் ஆகியவற்றில் பேரார்வம். எங்கும் விரைந்து நடக்கும் இயல்பு. தோல்வி தற்காலிகமானது என்றும், அவருடைய காலம் இனித்தான் வரும் என்றும் நண்பர்கள் நம்பினர்.

தீவில் வந்த துன்பம்

1921-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கானடா நாட்டைச் சேர்ந்த காம்பபெல்லோ என்னும் தீவில் குடும்பத்தோடு ஓய்வாகத் தங்கியிருந்தார். 10-ஆம் நாள் அருகில் காட்டுத் தீ ஒன்றை அணைப்பதில் மக்களோடு ஈடுபட்டார். பின்னர்க் குளிர்ந்த நீரில் நீந்தினார். அன்று மாலையே உடல் நடுங்கிப் படுக்கையில் விழுந்தார். மறுநாள் ஒரு கால் தளர்ந்தது. அதற்கடுத்த நாள் எழுந்து நிற்கவே இயலவில்லை. முதலில் வந்த மருத்துவர்களுக்கு நோய் புலப்படவில்லை. இரண்டு வாரம் கழித்து, பாஸ்டன் நகரிலிருந்து வந்த நிபுணர் ஒருவரே அது இளம்பிள்ளை வாதம் என்று கண்டு கூறினார். அது வேறொரு நரம்பு நோயாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர் சிலர் ஐயுற்றதும் உண்டு. எந்நோயாயினும் விளைவு ஒன்றே. இடுப்புக்குக் கீழே கால்கள் அவர் ஏவலைக் கேளாது போயின.

செப்டம்பர் மாதம் அவரை நியூயார்க்குக்குக் கொண்டு சென்றனர். படகில் கடலைக் கடந்து புகைவண்டி நிலையத்தை அடைந்தபோது, நோயாளி படுத்திருந்த தூக்குப் படுக்கையை வண்டியின் வாயில் வழியே நுழைக்க வகையில்லை. ஆகவே சன்னல் வழியாக அவரை உள்ளே செலுத்தினர். இருபத்தோராண்டுக்குப் பின்னர் அதே மனிதருக்கென வேறொரு புகைவண்டிப் பெட்டி அமைக்கப்பெற்றது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இனி அவர் செய்ய வேண்டுவது யாது என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஹைட் பார்க்கிலுள்ள மாளிகைக்குத் திரும்பி, நூல்களோடும் தபால்தலைத் தொகுப்போடும் அமைதியாகக் காலம் கழிக்க வேண்டும் என்று அன்னை விரும்பினார். பொதுவாழ்வை விட்டால் அவர் உயிர்ப்பையே இழப்பார் என்று மனைவியார் கருதினார். நெடுநாள் நண்பர் லூயி ஹோவும் அவ்வாறே கருதினார். அன்னை செய்ய நினைத்தது அன்பினால்தான். ஆயினும், அன்பு கூட ஒருவரை மூலையில் அமர்த்திவிடக் கூடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. நல்ல வேளையாக ரூஸ்வெல்ட் மற்ற இருவரின் சொல்லையே கேட்டார்.

வாயிற்படி தடுத்த அலுவலகம்

அந்நாளில் அவருக்கு இரண்டு அலுவல்கள் இருந்தன. ஒன்று, பொறுப்புறுதிப் பத்திரங்கள் வழங்கும் மேரிலாந்துக் கம்பெனி ஒன்றின் நியூயார்க் கிளைத் தலைமை. மற்றொன்று, நண்பர் இருவரோடு கூட்டாக நடத்திய வக்கீல் தொழில்.

இன்ஷூரன்ஸ் போன்ற அக்கம்பெனியார், ஓராண்டுக்கு மேல் அவர் வராதிருந்தும் பதவியை அவருக்காகவே வைத்திருந்தனர். 1922-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் இரு கக்கங்களிலும் ஊன்றுகோல்களை இடுக்கிக்கொண்டு அங்குச் சென்றார். நுழைவு மண்டபத்தின் தரை வழவழப்பான பளிங்கு. ஊன்றுகோல் வழுக்கிற்று, கூட வந்த காரோட்டியால் தாங்க முடியவில்லை, பலர் காணக் கீழே விழுந்தார். சிரித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்து, அருகில் நின்றவர்களை உதவிக்கழைத்து, மீண்டும் நிமிர்ந்து மின்தூக்கியை அடைந்தார் என்பர்.

வக்கீல் அலுவலகம் வால் வீதியில் இருந்தது. அதன் முகப்பில் படிகள் இருந்தன. தெருவில் போவோர் வருவோர் எல்லாரும் காண, ஒவ்வொரு நாளும் ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். அஃது அவருக்கு ஒவ்வாததாயிற்று. அவ்வலுவலகத்துக்குச் செல்வதையே விட்டார். 1924-இல் பேசில் ஓகானர் என்னும் இளம் வக்கீலோடு சேர்ந்து, தம் கம்பெனி இருந்த கட்டடத்திலேயே புதிய தொழிற் கூட்டைத் தொடங்கினார்.

இவ்விடத்தில் வாசகர்கள் சற்று நின்று எண்ண வேண்டுகிறோம். சட்டம் அறிந்த மூளைக்கு ஒரு குறையும் இல்லை. வழக்கைப் படிக்கும் கண்ணுக்கும், வாதாடும் நாவுக்கும், எழுதும் கைக்கும் ஒரு குறையும் இல்லை. ஒருவரை அவருடைய தொழிற் கூடத்திலிருந்து விலக்கியவை சில கற்படிகளே. அவர் செல்வர்; ஆதலால் வேறு கட்டடத்தில் வேறு அலுவலகம் அமைத்துக்கொண்டார். அன்றாடங் காய்ச்சியாக இருந்திருப்பின் அந்தப் படிகளோடு அவர் தொழில் முடிந்திருக்கும்.

வெந்நீர் ஊற்றும் கைவிசைக் காரும்

1924-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், தெற்கே ஜார்ஜியா மாநிலத்திலுள்ள வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊருக்குச் சென்றார். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 88 பாரன்ஹீட் டிகிரி வெப்பத்தோடு ஊறும் நீர் அங்கு உண்டு. அந்நீரில் உடலின் பாரம் தோன்றாமையால் தளர்ந்த கால்களையும் ஓரளவு அசைத்துப் பயில முடிந்தது. கால்கள் குணமாகவில்லை, ஆனால் தம் போன்றோர் பலரோடு கூடியிருந்தமையால் உள்ளம் குணமடைந்தது. 1926-இல் தம் செல்வத்தின் பெரும் பகுதியைச் செலவிட்டு அவ்விடத்தை வாங்கினார். மறு ஆண்டில் அதனை வாத நோயாளர்க்கான அறநிலையமாக்கினார். ஆயினும் அந்நிலையத்தில் நீக்ரோவர் என்று அந்நாளில் வழங்கப்பெற்ற கறுப்பு இனத்தார்க்கு இடமில்லை என்பதையும் மறைத்தலாகாது. அவர்களுக்கென டஸ்கீகி என்னுமிடத்தில் ஒரு மருத்துவ நிலையம் 1941-இல்தான் திறக்கப்பெற்றது.

வார்ம் ஸ்பிரிங்ஸில் அவர் ஒரு போர்டு காரைக் கையாலேயே இயங்குமாறு அமைத்துக்கொண்டார். காலால் மிதிக்கும் கட்டைகளுக்குப் பதிலாகக் கைப்பிடித் தண்டுகளும் கம்பிகளும் பொருத்தினர். அக்காரில் தாமே ஓட்டிச் சென்று ஏழை உழவர்களின் வீட்டு வாயிலில் நிறுத்தி, இருக்கையை விட்டு எழாமலே அவர்களோடு உரையாடுவார். கிராமங்களில் மின்சாரம் இல்லாத குறையையும் விளைபொருள் விலைவீழ்ச்சியையும் அவர் நேரில் அறிந்தது இவ்வாறே. ஒரு பட்டறைக் கொல்லர் செய்யக்கூடிய சில தண்டுகள், ஒரு நாட்டுத் தலைவருக்கு வேண்டிய கல்வியைக் கொடுத்தன எனலாம்.

மீண்டும் பொதுவாழ்வு

1924-ஆம் ஆண்டுக் கோடையில், தம் கட்சியின் மாநாட்டில் நண்பர் ஒருவரின் பெயரை ஜனாதிபதி வேட்பாளராக முன்மொழிய மேடை ஏறினார். கால்களில் இடுப்பு முதல் பாதம் வரை இரும்புச் சட்டங்கள். ஒரு பக்கம் ஊன்றுகோல். மறுபக்கம் மகனின் தோள். பேச்சாளர் நிற்கும் மேசை தம் பாரத்தைத் தாங்குமா என்பதை முன்கூட்டியே ஒருவரைக் கொண்டு அசைத்துப் பார்க்கச் செய்தார். அதன் பின்னரே அதனைப் பற்றி நின்றார். 1928-ஆம் ஆண்டு மாநாட்டில் ஊன்றுகோலை விட்டு, ஒரு கைத்தடியோடும் மற்றொரு மகனின் கையோடும் நடந்தார். அஃது உண்மையில் நடையன்று. மகனின் கையை இறுகப் பற்றி, இடுப்பை அசைத்து, இரும்புச் சட்டமிட்ட கால்களை மாறி மாறி முன்னே எறிவதே அது. அதனைப் பல மாதங்கள் பயின்றிருந்தார்.

அவ்வாண்டே நியூயார்க் மாநிலக் கவர்னர் தேர்தலில் நின்றார். திறந்த காரில் மாநிலம் முழுவதும் சுற்றினார். கூட்டம் நிறைந்த ஒரு மண்டபத்தில் வேறு வழியின்றி, தீ விபத்துக் காலத்தில் இறங்குவதற்காக வெளிச்சுவரில் வைத்த இரும்புப் படிகளில் ஆட்கள் அவரைத் தூக்கிச் சென்றனர். உள்ளே சென்றதும் உடையைச் சீர் செய்துகொண்டு, ஒன்றும் நிகழாதவர் போல் பேசினார். தேர்தலில் வென்றார். நான்காண்டு கவர்னராக இருந்தபின், 1932 தேர்தலில் வென்று, 1933 மார்ச்சு 4-ஆம் நாள் ஜனாதிபதியானார்.

பணியிடம் மனிதருக்கு வளைந்தது

அமெரிக்க ஜனாதிபதி வாழ்ந்து பணிபுரியும் வெள்ளை மாளிகை, நடக்க வல்லவர்க்கென்றே கட்டப்பட்டது. அங்கு என்னென்ன மாற்றங்கள் செய்யப்பெற்றன என்பதே இவ்வரலாற்றில் நாம் ஊன்றிக் காண வேண்டிய பகுதி.

முதலாவது நாற்காலி. அக்காலத்துச் சக்கர நாற்காலிகள் பருத்து அகன்றவை, கதவுகளில் நுழையா. எனவே, கையில்லாத சாதாரணச் சாப்பாட்டறை நாற்காலியின் கால்களைக் களைந்து, அடியில் சக்கரங்கள் பொருத்தச் செய்தார். ஒடுக்கமான அது எந்தக் கதவிலும் புகுந்தது; எந்த மேசையின் அருகிலும் சென்றது. அதனைச் செய்ய ஆன செலவு மிக அற்பம்.

இரண்டாவது வழி. படிகள் குறுக்கிட்ட இடங்களில் பலகையாலான சாய்வுப் பாதைகள் வைத்தனர். 1934-இல் அலுவலகப் பகுதியை விரிவாக்கியபோது, ஜனாதிபதியின் அறையைத் தென்கிழக்கு மூலைக்கு மாற்றினர். வாழும் இடத்திலிருந்து அவ்வறைக்கு நாற்காலியில் செல்வது அதனால் எளிதாயிற்று. இன்றும் ஜனாதிபதிகள் அவ்வறையிலேயே பணிபுரிகின்றனர்.

மூன்றாவது உடற்பயிற்சி. நியூயார்க் செய்தித்தாள் ஒன்று மக்களிடம் நன்கொடை திரட்ட, 1933 ஜூன் மாதம் மாளிகைக்குள்ளேயே ஒரு நீச்சற் குளம் அமைந்தது.

நான்காவது பணிமுறை. காலையில் படுக்கையில் இருந்தவாறே செய்தித்தாள்களைப் படித்து, உதவியாளர்களை அங்கேயே அழைத்து அன்றைய அலுவல்களைத் தீர்மானிப்பார். செய்தியாளர்களைக் கூட்ட மண்டபத்தில் நின்று சந்திப்பதற்கு மாறாக, அவர்களைத் தம் மேசையைச் சுற்றி வரவழைத்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் முறை அத்தகைய சந்திப்பு நடந்தது. ஒரு மேசை முன் அமர்ந்து வானொலியில் நாட்டு மக்களோடு பேசினார். கால் செல்ல இயலாத சுரங்கங்களுக்கும் சேரிகளுக்கும் எலினார் அம்மையார் சென்று, கண்டவற்றைக் கண்டவாறே வந்து கூறுவார்.

ஐந்தாவது பயணம். புகைவண்டி ஊழியர் மிகுந்த நம் குடியிருப்பினர்க்கு இது சுவை தரும். 1929-இல் கட்டப்பெற்ற பெர்டினண்டு மெகல்லன் என்னும் புல்மன் பெட்டியை 1942-இல் ஜனாதிபதிக்கென மாற்றியமைத்தனர். எஃகுத் தகடுகளும் குண்டு துளைக்காத கண்ணாடிகளும் பொருத்தியதால் அதன் எடை 142 டன்னுக்கு மேல் ஆயிற்று. ஆனால் நாம் கருத வேண்டியது அவற்றையன்று. பெட்டியின் பின்மேடையில், சக்கர நாற்காலியைத் தரையிலிருந்து உயர்த்தும் மின்தூக்கிகள் அமைக்கப்பெற்றன. கால்களை ஊன்றி உடலை நிலைப்படுத்த அவரால் இயலாது. வண்டி விரைந்தால் உடல் இருபுறமும் ஆடும். ஆகையால் அவர் செல்லும் வண்டியை மெதுவாகவே செலுத்துவர். 1921-இல் சன்னல் வழியே பொதியைப் போல் ஏற்றப்பட்டவர், இப்போது தம் நாற்காலியில் அமர்ந்தவாறே வண்டி ஏறினார். கால்கள் அன்றும் அவையே; இன்றும் அவையே. மாறியது பெட்டி. அப்பெட்டியை இன்றும் மயாமி நகரின் புகைவண்டிக் காட்சிசாலையில் காணலாம்.

விமானத்திலும் அவ்வாறே செய்தனர். அவருக்கென அமைத்த டக்ளஸ் விமானத்தின் வயிற்றுப் பகுதியிலிருந்து இறங்கும் மின்தூக்கி ஒன்று இருந்தது. 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டுக்கு அவர் சென்றது அதில்தான்.

இவ்வளவு வசதிகளோடு அவர் ஆற்றிய பணி சிறிதன்று. வங்கிகள் மூடி, கோடிக்கணக்கானோர் வேலையிழந்து நின்ற காலத்தில் பொறுப்பேற்றார். முதுமைக்கும் வேலையின்மைக்கும் காப்பளிக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை 1935-இல் நிறைவேற்றினார். நான்கு முறை தேர்தலில் வென்றவர் அந்நாட்டில் அவர் ஒருவரே.

மறைத்ததும் மறைந்ததும்

ஆயினும் தம் நிலையை மக்கள் முழுவதும் அறிவதை அவர் விரும்பவில்லை. நாற்காலியில் அமர்ந்த கோலத்தையோ, ஆட்கள் தூக்கிச் செல்லும் காட்சியையோ படம் எடுக்கக் காவலர் விடார். செய்தியாளரும் பெரும்பாலும் அதற்கு இசைந்தனர். ஆயிரக்கணக்கான அவர் படங்களுள் சக்கர நாற்காலியில் உள்ளவை மிகச் சிலவே. 1936 ஜூன் மாதம் பிலடெல்பியா நகரில், பேருரையாற்றச் செல்லும் வழியில் ஒரு முதிய கவிஞருக்குக் கை கொடுக்க முனைந்தபோது, கால் சட்டத்தின் பூட்டு விலகிக் கீழே விழுந்தார். உரைத் தாள்கள் சிதறின. காவலர் சூழ்ந்து மறைத்துத் தூக்கி நிறுத்த, சில நிமிடங்களில் மேடையேறிப் பேசினார். கூட்டத்தில் பெரும்பாலோர் அதனை அறியவே இல்லை.

அவர் மறைத்ததற்குக் காரணம் உண்டு. கால் நடவாதவர் நாட்டை நடத்துவாரா என்று கேட்கும் காலம் அது. ஆனால் அம்மறைவினால் ஒரு தீங்கும் விளைந்தது. தக்க வசதி செய்து கொடுத்தால் ஊனமுற்றவர் எப்பணியையும் ஆற்றுவர் என்பதற்கு நாட்டின் தலைமை இடத்திலேயே சான்று இருந்தது. அச்சான்று மக்கள் கண்ணுக்குப் படவில்லை.

அவர் அரசே மறுத்த வேலை

நிற்க. 1935-இல் ரூஸ்வெல்ட்டின் அரசு வேலையில்லாதவர்க்குப் பொதுப்பணிகளில் வேலை கொடுக்க ஒரு பெருந்திட்டம் வகுத்தது. சாலை, பாலம், பள்ளி, நூலகம், எழுத்து வேலை எனப் பலவகைப் பணிகள். 1943-இல் முடியும் வரையில் ஏறத்தாழ 85 லட்சம் பேர் அதனால் வேலை பெற்றனர். ஆனால் நியூயார்க் நகரில் உடற் குறையுடையோர் மனுச் செய்தபோது, அவர்கள் வேலைக்குத் தகுதியற்றவர் என ஒதுக்கப்பெற்றனர். அவர்களுடைய தாள்களில் உடற்குறையுடையவர் என்பதைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளை முத்திரையிட்டனர். தட்டச்சு அறிந்தவர், கணக்கு அறிந்தவர், பட்டம் பெற்றவர் என்ற வேறுபாடில்லை. முத்திரை விழுந்தால் வேலை இல்லை; நிவாரணப் படி மட்டுமே.

1935 மே மாத இறுதியில், பெரும்பாலும் இளம்பிள்ளை வாதத்தால் கால் தளர்ந்த இளைஞர் அறுவர் நகர நிவாரண அலுவலகத்துக்குச் சென்று, தலைமை அதிகாரியைக் காணாமல் எழோம் என்று அமர்ந்தனர். ஒன்பது நாள் அப்போராட்டம் நீடித்தது. வெளியே மக்கள் கூடினர். அதிலிருந்து உடலூனமுற்றோர் கழகம் ஒன்று தோன்றியது. 1936 மே மாதம் அக்கழகத்தார் முப்பத்தைவர் தலைநகர் வாஷிங்டனுக்கே சென்று, வேலைத் திட்டத்தின் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸ் என்பாரைக் காணும் வரை அலுவலகத்தை விட்டு அகலவில்லை. இவர்கள் முயற்சியால் நியூயார்க்கில் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஊனமுற்றோர்க்கு வேலை கிடைத்தது. பின்னர் வந்த ஆட்குறைப்பில் அவர்களுள் பலர் வேலையிழந்தனர்.

இதனை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் வருந்துகின்றது. ஒரே நாடு, ஒரே நோய், ஒரே காலம். ஒருவருக்குக் கதவகலத்திற்கேற்ப நாற்காலி செய்தனர். அறையையே இடம் மாற்றினர். மற்றவர்க்கு முத்திரை குத்தி அனுப்பினர். தகுதியில் வேறுபாடு இருந்ததா? இல்லை. ஒருவருக்கு வேலை முதலில் உறுதியாயிற்று. பின்னர் வசதி தேடப்பெற்றது. மற்றவர்க்கு வசதியைப் பற்றி எவரும் எண்ணுமுன்னரே வேலை மறுக்கப்பெற்றது.

ஊனமுற்றோரை எந்திரத் தொழிலில் அமர்த்த முடியாது என்பதும் உண்மையன்று. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மோட்டார் உற்பத்தியாளர் ஹென்றி போர்டு தம் தொழிற்சாலையின் 7,882 வகை வேலைகளையும் ஒவ்வொன்றாகப் பகுத்து ஆராயச் செய்தார். ஒரு கால் உள்ளவர் செய்யத்தக்கன 2,637 என்றும், இரு காலும் இல்லாதவர் செய்யத்தக்கன 670 என்றும், கண்ணில்லாதவர் செய்யத்தக்கன 10 என்றும் கணக்கிட்டு, ஆயிரக்கணக்கான ஊனமுற்றோர்க்கும் நோயுற்றோர்க்கும் வேலை கொடுத்ததாகத் தம் நூலில் குறித்துள்ளார். மனிதனைச் சோதிப்பதற்கு முன் வேலையைச் சோதித்தார் அவர். அரசு அலுவலர் அதனைச் செய்யவில்லை.

ரூஸ்வெல்ட் காலத்தில் சில நற்சட்டங்களும் பிறந்தன. 1936-ஆம் ஆண்டுச் சட்டம், மத்திய அரசுக் கட்டடங்களில் சிறுகடை நடத்தும் உரிமையைக் கண்ணிழந்தோர்க்கு அளித்தது. 1938-ஆம் ஆண்டுச் சட்டம், அவர்கள் தொழிற்கூடங்களில் செய்யும் துடைப்பம் முதலியவற்றை அரசு வாங்க வகை செய்தது. ஆயின் அதே 1938-இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம், ஊனமுற்றோர்க்கு அதனினும் குறைந்த கூலி கொடுக்க இடமளித்தது. போர்க்காலத்தில் ஆள் தட்டுப்பாடு நேர்ந்தபோது, முன்னர் மறுக்கப்பட்டோர் பலரைத் தொழிற்சாலைகள் தாமே அழைத்தன. 1943-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குரிய தொழிற்பயிற்சி உதவியை விரிவாக்கியது.

இறுதி நாட்கள்

1944 ஜூலையில் ஹவாய்த் தீவிலுள்ள படை மருத்துவமனைக்கு ரூஸ்வெல்ட் சென்றார். போரில் கை கால் இழந்த இளைஞர் படுத்திருந்த கூடத்தில், தம் வழக்கத்திற்கு மாறாக, சக்கர நாற்காலியிலேயே ஒவ்வொரு கட்டிலருகிலும் சென்றார். தாம் மறைத்து வந்ததை அவர்கள் முன் வேண்டுமென்றே காட்டினார். அவர் வாழ்வில் இதனினும் உயர்ந்த செயல் ஒன்றை நாம் அறியோம்.

1945 மார்ச்சு முதல் நாள், யால்டாவிலிருந்து திரும்பி, அமெரிக்கக் காங்கிரஸ் சபையில் அமர்ந்தவாறே பேசினார். கால்களில் பத்துப் பவுண்டு எஃகைத் தாங்கி நிற்பதினும் அமர்ந்து பேசுவது தமக்கு எளிது என்பதைச் சொல்லி, அதற்குப் பொறுத்தருளுமாறு சபையினரைக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் 12-ஆம் நாள், வார்ம் ஸ்பிரிங்ஸில் மூளையில் குருதி பெருகி உயிர் நீத்தார். வயது அறுபத்து மூன்று.

1938-இல் அவர் நிறுவிய வாத நோய் நிதியம் மக்களிடம் சில்லறைக் காசாகத் திரட்டிய பொருளே, டாக்டர் சால்க் கண்ட தடுப்பு மருந்துக்கு உதவியது. அம்மருந்தின் வெற்றி 1955 ஏப்ரல் 12-இல், அவருடைய பத்தாம் ஆண்டு நினைவு நாளில் அறிவிக்கப்பெற்றது. நம் நாடும் 2014-இல் இளம்பிள்ளை வாதம் நீங்கிய நாடாக அறிவிக்கப்பெற்றது. பணியிடத்தில் தக்க வசதி செய்து தருவதை முதலாளியின் கடமையாக்கும் விரிவான சட்டம் அமெரிக்காவில் 1990-இல் வந்தது. வாஷிங்டனில் 1997-இல் திறக்கப்பெற்ற அவருடைய நினைவிடத்தில், சக்கர நாற்காலியில் அவர் அமர்ந்துள்ள சிலை முதலில் இல்லை. ஊனமுற்றோர் வற்புறுத்தியதன் பயனாக 2001-இல் அது வைக்கப்பெற்றது. மறைத்த நாற்காலி அன்றுதான் வெளிவந்தது.

நமக்கு ஒரு சொல்

நம் நாட்டில் முன்னர் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது; அதற்குப் பதிலாக அதனினும் விரிவான 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இப்போது உள்ளது. அரசுப் பணியிடங்களில் நூற்றுக்கு நான்குக்குக் குறையாமல் அவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது பின்னதன் விதி. அரசுப் பணியில் இருக்கையில் ஒருவர் ஊனமுற்றால் அவரை நீக்கலாகாது, தரம் குறைக்கலாகாது. பழைய வேலை இயலாதாயின் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அதுவும் இல்லையேல், தக்க இடம் கிடைக்கும் வரை தனி இடம் உண்டாக்கியேனும் வைத்துக்கொள்ள வேண்டும். தண்டவாளத்தோடும் எந்திரத்தோடும் நாள்தோறும் பழகும் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் மிக அவசியம். விபத்து முகவரி கேட்டு வருவதில்லை.

சட்டம் வேலையைக் காக்கும். படியை அகற்றுவது உடனிருப்போர் கையில் உள்ளது. நாம் அறிந்த ஓர் அலுவலகத்தில், வண்டி கோக்கும் பணியில் ஒரு காலை இழந்த தோழர் ஒருவருக்கு மேசை வேலை தந்தனர். சம்பளம் குறையவில்லை, விதி வழுவாது நிறைவேறிற்று. ஆனால் மேசை இருந்தது மாடியில். ஏறத்தாழ எட்டு மாதம் அவர் கைப்பிடிச் சுவரைப் பற்றி நாளுக்கு நான்கு முறை ஏறி இறங்கினார். பகலுணவுக்கு இறங்குவதைத் தவிர்க்கப் பட்டினி கிடந்த நாளும் உண்டு. அவர் வேலையை மறந்தாரில்லை. எவரிடமும் முறையிட்டாரும் இல்லை. ஒரு நாள் கடைநிலை ஊழியர் ஒருவர், கீழ்த்தளத்தில் பதிவேடுகள் அடுக்கிய அறையின் ஒரு மூலையைக் காட்டி, அங்கு மேசை போடலாகாதா என்று கேட்டார். மறுநாள் மேசை கீழே வந்தது. செலவு ஒரு காசும் இல்லை. எட்டு மாதம் எவர்க்கும் அவ்வினா தோன்றாததே குறை.

குறையுடைமை பழியன்று, முயலாமையே பழி என்னும் கருத்தை வள்ளுவப் பெருந்தகை ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வைத்தார். அதனை ஊனமுற்றவர்க்கே உரிய அறிவுரையாகச் சொல்லி வருகிறோம். ரூஸ்வெல்ட் முயன்றார், நியூயார்க் இளைஞர்களும் முயன்றனர். முயலாதிருந்தவர்கள் அவர்களுக்கு எதிரே மேசையில் அமர்ந்திருந்தவர்களே. முயற்சி என்னும் கடமை இரு பக்கத்துக்கும் பொது.

இனி ஒரு விண்ணப்பம். நம் சங்கக் கட்டடத்தின் முகப்பில் ஐந்து படிகள் உள்ளன. பக்கத்தில் கைப்பிடியும் இல்லை. விழா நாளில் முதியோர் சிலர் வாயில் வரை வந்து வெளியில் நாற்காலி போட்டு அமர்வதை எல்லாரும் காண்கிறோம். ஒரு சாய்வுப் பாதைக்கு வேண்டுவன சில மூட்டை சிமெண்டும், செங்கல்லும், இரண்டு நாள் கொத்தனார் கூலியும்தாம். அடுத்த ஆண்டு விழாவுக்குள் அதனை அமைக்கச் செயற்குழுவினர் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்றும், உறுப்பினர்கள் இயன்ற பொருளுதவி செய்ய வேண்டும் என்றும் பணிவன்போடு கேட்டுக்கொள்கிறோம்.